போகவர

ஹூட் ரிவர் ரயில் நிலையத்தில்
கோடை முழுக்கச் சுற்றுலாச் சீட்டுக் கிழிக்கிறேன்.
பேரித்தோப்புவரை போய் அதே வண்டி திரும்பிவிடும்.

சட்டைப் பொத்தானில் அட்டை தொங்க
வந்து நின்றார் சுமியே நிஷிகாவா.
பெயரில்லை அதில், ஒரு எண்.
தள்ளுபடிக் கூப்பனென்று கைநீட்டினேன்.

"நாற்பத்திரண்டுல சிப்பாய் கட்டிவிட்டது,
ஜப்பான்காரங்க அத்தனை பேருக்கும்.
மே மாசம். பிஞ்சு கலைக்கிற சமயம்.
எனக்கு அஞ்சு வயசு, சுற்றுலான்னு குதிச்சேன்.
ஜன்னல் திரையை இறக்கிட்டாங்க."

என்ன சொல்வதென்று தெரியாமல்
விலையைச் சொன்னேன்.

"போக மட்டும் எவ்வளவு?"
"போக மட்டும் கிடையாதுங்க.
எல்லாமே போகவரத்தான்."

கூண்டுக் கண்ணாடி அதிரச் சிரித்தார்.
"அதைப் பெருசா எழுதி வெளியே மாட்டு."

ஜன்னலோர இருக்கை கேட்டார்.
திரை இல்லாத பெட்டியாகப்
பார்த்துக் கொடுத்தேன்.