பூச்சியம் தசம் இரண்டு

லங்னாவ் பெற்றோல் நிலையத்துக் காற்றுக் குழாய்
இரண்டு தசம் ஐந்து என்றது.
மலிவுக் கடையில் நாலு பிராங்குக்கு வாங்கிய
பேனை மாதிரியான ஒன்று
இரண்டு தசம் பூச்சியம் என்று
வெள்ளை நாக்கை நீட்டியது.
அதே டயர். அதே காலை.
நடுவில் நான் முழங்காலில்,
கழற்றிய கையுறை வாயில்.

கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது:
முன்னுக்கு இரண்டு தசம் மூன்று,
பின்னுக்கு இரண்டு தசம் ஒன்று.
என்ன வேண்டுமென்று காருக்குத் தெரியும்.
என்ன இருக்கிறதென்று சொல்லத்தான்
ஆளில்லை.

காரை எங்கள் தலையில் கட்டிய மைத்துனர்
டயரை உதைத்துப் பார்ப்பார்.
"கல்லு மாதிரி இருக்கு அண்ணி."
அவர் சப்பாத்தில் முள் ஏது, எண் ஏது?
போன கிழமை ட்ரூப் வளைவில்
ஈர இலைகளின் மேல்
வண்டியின் பின்பக்கத்துக்கு
ஒரு கணம் தனி யோசனை வந்தது.
எதிரே வந்த பால் வண்டி நின்று வழிவிட்டது.
அன்று மூன்று வீடுகளுக்கு மருந்து பிந்தியது.

அளப்பதுதான் என் தொழில்.
காலை ஆறு மணி தொடங்கி
மேட்டு வீடுகளில் பதினொரு கைகளுக்குப்
பட்டி சுற்றிக் காற்றடித்து விடுகிறேன்.
கெர்பர், விறகு தூக்கிய மூச்சோடு
கையை நீட்டுவார்.
ஐந்து நிமிடம் இருங்கள், பேசாதீர்கள் என்பேன்.
ஓடி வந்த உடம்பு கூட்டிச் சொல்லும்.
அப்படித் தெரிந்த நானே
இருபது கிலோமீட்டர் ஓட்டிப்போய்
டயரின் சூடு ஆறமுன் அளந்து
நிறைய இருக்கிறதென்று
நிம்மதியாகத் திரும்பியிருக்கிறேன்,
எத்தனையோ தடவை.

சனிக்கிழமை இன்னும் இரண்டு வாங்கினேன்.
இரவெல்லாம் நின்று குளிர்ந்த கார்.
முன் இடது டயர். ஆளுக்கு ஐந்து தடவை.
பணி அட்டவணையின் பின்பக்கத்தில் எழுதினேன்.
பேனைக்காரன்: 2.0, 2.3, 1.9, 2.2,
ஐந்தாவதை எழுதவில்லை, கோபம்.
மின்கலத் திரைக்காரன்: 2.31, 2.31,
அதற்குப் பிறகு
மைனஸ் ஆறில் பேச மறுத்துவிட்டான்.
குழாய் வைத்த வட்ட முகம்:
2.1
2.1
2.1
2.1
2.1

பேயத்தின் கராஜில்
ஆண்டுதோறும் சோதித்து முத்திரை குத்திய கருவி உண்டு.
அதே டயருக்கு அது 2.3 என்றது.
"உன்னுடையது பிழை, கொண்டுபோய் மாற்று" என்றான் பேயத்.
பற்றுச்சீட்டு பைக்குள்தான் இருந்தது.
மாற்றவில்லை.

பத்து நிமிடத்தில் வருகிறேன் என்பார் என் கணவர்.
அரை மணித்தியாலம். பதினாறு வருடமாக அரை மணித்தியாலம்.
அதற்கேற்ப உலை வைக்கிறேன், சோறு ஆறுவதில்லை.
ஒரு நாள் பத்து நிமிடத்திலேயே வந்தார்.
அன்றுதான் பயந்தேன்.

ஒரே அளவாய்ப் பொய் சொல்பவரோடு
மலையேறலாம்.
கூட்டிக்கொண்டால் போயிற்று.
ஒருநாள் சரியும் மறுநாள் பிழையுமாய்
நாக்கு நீட்டுபவரோடுதான்
சமதரையிலும் முடியாது.

பிறஷர் பார்க்கிற சாமான் வாங்கினேன் என்றதும்
தொலைபேசியில் அக்கா பதறினாள்:
உனக்கோ, அவருக்கோ?
காருக்கு.
நீளமாய் ஒரு பெருமூச்சு விட்டாள்.
எத்தனை பார் இருக்கும், தெரியாது.

நாளைக்கு மைனஸ் எட்டாம்.
பணியில் நகப்பூச்சுக்குத் தடை.
அலுமாரியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்பில்
ஒரு சொட்டு எடுத்து
வட்டக் கண்ணாடியில், 2.1க்கு நேரே,
வைத்திருக்கிறேன்.
எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 2.3.