வேர்

பதினோரு வருடம் நான் ரூட்டாகத்தான் நுழைந்தேன்.
என் வீடு, என் பெட்டி, என் மின்கட்டணம்.
என் சமையலறைக்குள் போக
நானே என்னிடம் எதற்கு அனுமதி கேட்பது?

ஓட்டகர் ஒத்துக்கொள்ளவில்லை.
பிர்னோ நகர டிராம் பணிமனையில்
பிரேக் பார்க்கிறவன்.
இந்தப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றித் தந்தவன்.
"ஹெட்விகா, அந்தச் சிவப்பு சும்மா இல்லை" என்பான்.
ரூட்டாக நுழைந்தால் திரை சிவக்கும்,
திரி பற்றிய குட்டிக் குண்டுகள் வரிசை கட்டி நிற்கும்.
எனக்கு அவை தக்காளி மாதிரி இருந்தன.

நான் எட்டாம் தடத்து ஓட்டுநர்.
லீஷென் வரை போய்த் திரும்புகிறவள்.
முப்பது டன் இரும்பு, நூறு உயிர்.
காலடியில் ஒரு மிதி உண்டு.
காலை எடுத்தால் வண்டி நின்றுவிடும்.
நான் செத்தாலும் தூங்கினாலும்
யாரையோ நினைத்து எங்கோ போய்விட்டாலும்.
இருபத்திரண்டு வருடமாக அந்த மிதி என்னை நம்பவில்லை.
நான் அதனிடம் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

வீட்டில் மட்டும் ரோஷம்.

பிப்ரவரியில் ஓர் இரவு, தண்டவாளமெல்லாம் உறைபனி.
ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்தேன்.
இடம் இல்லை, வட்டு நிரம்பிவிட்டது என்றது பெட்டி.
பழைய நிரல் ஒன்றைத் தூக்கி எறிய நினைத்து
ஒரு கையுறையைக் கழற்றாமலே தட்டினேன்:
அழி, அடியோடு, கேள்வி கேட்காமல்.
நீளமான பாதை.
அதன் நடுவில்
கட்டைவிரல் பட்டு ஓர்

இடைவெளி.

வேரில் வெந்நீர் ஊற்றுகிறேன் என்று தெரிய
நாலு நொடி ஆயிற்று.
முதலில் கடிகாரம் போயிற்று.
பிறகு எழுத்தெல்லாம் வெறும் கட்டங்கள்.
தலை போன கோழி நடப்பதுபோல
திரை மட்டும் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டிருந்தது.
"நிச்சயமா?" என்று யாரும் கேட்கவில்லை.
கேட்காதே என்றவள் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டகர் வந்தான்.
ஒரு பையில் பென்டிரைவ், இன்னொன்றில் கசகசா ரொட்டி.
உபதேசம் செய்யவில்லை.
தயாராக வைத்திருந்த இரண்டு பதில்கள் வீணாயின.
அரை மணியில் எல்லாம் திரும்பிவிட்டது.
கடிதங்கள், பாட்டுகள், படங்கள்
வேறு அடைவில் இருந்ததால் ஒரு கீறலும் இல்லை.

பெட்டி கேட்டது: உன் பெயர் என்ன?
பதினோரு வருடத்தில் முதல் தடவை.
பெரிய எழுத்து கூடாது என்றது.
சின்ன எழுத்தில் ஹெட்விகா ஆனேன்.

இப்போது எதை நிறுவினாலும் பாஸ்வேர்டு கேட்கிறது.
கேட்கட்டும்.
தட்டி முடிக்கும் நேரத்தில்
கட்டளையை இன்னொரு முறை படிக்கிறேன்.
இரண்டு தடவை அழித்தும் விட்டேன்.

ஆனால் ஒன்று.
மகள் ஸோர்கா ஆறு வயதில்
எட்டாம் தடத்து நிறுத்தங்களை ஒப்பிக்கிற ஒலிப்பதிவு ஒன்று உண்டு.
அதன் பக்கத்தில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து
அதே கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன்.
போய்விட்டது.
சிவப்பு இல்லை, குண்டு இல்லை, பாஸ்வேர்டும் இல்லை.
அதை அழிக்க ரூட் தேவையில்லை.
வெறும் ஹெட்விகா போதும்.

"ஊரெல்லாம் கிடைப்பதைப் பூட்டி வைக்கிறாய்.
உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருப்பதை
வாசலில் போட்டிருக்கிறாய்" என்றேன்.
வாய் நிறையக் கசகசாவோடு
"ஆமாம்" என்றான் ஓட்டகர்.
அவ்வளவுதான் சொன்னான்.

திங்கள் விடியற்காலை.
கோட்டுப் பையில் புது வட்டு, அதில் ஒலிப்பதிவின் நகல்.
பணிமனை அலமாரியில் வைக்கப் போகிறேன்,
வீடே எரிந்தாலும் இருக்கட்டுமென்று.
மிதியில் கால்.
ஸோர்கா அந்த வரிசையில் ஒரு நிறுத்தத்தை
எப்போதும் விட்டுவிடுவாள்.
அங்கே இறங்க ஆளில்லை, ஏறவும் இல்லை.
நிறுத்தினேன்,
கதவைத் திறந்தேன்.
குளிர் மட்டும் ஏறிக்கொண்டது.