நாடா

பீன்யா. லைன் நிற்கக் கூடாதென்று
ஐந்தைந்து பேராய்க் கூப்பிடுகிறார்கள்,
கேன்டீனில் சுகர் கேம்ப்.

நான் செக்கிங் டேபிள்.
ஒரு நாளைக்கு நானூறு இடுப்பு அளக்கிறேன்,
உள்ளே ஆளில்லாத இடுப்புகள்.
முப்பத்திரண்டு, முப்பத்தினாலு;
அரை இஞ்ச் ஏறினால் சிவப்பு அம்பு ஒட்டி
ஆல்ட்டரேஷனுக்குத் தள்ளிவிடுவேன்.

நர்ஸ் ஷைலஜா கழுத்திலும் அதே டேப்.
"உசுரு ஹிடிபேடி" என்றாள்.
எக்கியிருந்த வயிற்றை விட்டேன்.
எண்பத்தினாலு.
பகீரென்றது.
டேப்பின் மறுபக்கமாம், சென்டிமீட்டர்.
பதினோரு வருஷமாய் நான் புரட்டாத பக்கம்.

"நான் குண்டே இல்லையே மேடம்,
கை காலெல்லாம் குச்சி."
அவள் என் விரலைக் குத்திக்கொண்டிருந்தாள்.
வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு.
சர்க்கரை இன்னும் வரவில்லையாம்,
செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறதாம்.
உயரத்தில் பாதிக்குள் இடுப்பு அடங்கணுமாம்.

ராத்திரி ரூமில் பாவாடை நாடாவை உருவினேன்.
அதில் மூன்று பழைய முடிச்சின் தழும்பு.
ஓ.டி. ஆரம்பித்தபோது ஒன்று,
நாலு மணி டீக்குப் பன்னும் கொடுக்கத் தொடங்கியபோது ஒன்று,
மற்றது எப்போதென்று தெரியவில்லை.

உச்சியிலிருந்து குதிகால்வரை பிடித்து
இரண்டாய் மடித்துச் சுற்றினேன்.
தொப்புள்கிட்டே
நாலு விரல் எட்டவில்லை.

கட்டிலில் படுத்தபடி பவுனம்மா சொன்னாள்:
"பீஸ் ரிஜெக்ட்."
சிரித்தோம். பிறகு அவளும் எழுந்து
நாடாவுக்குக் கை நீட்டினாள்.