கழுத்துத் துளை

ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் நிற்கிறேன்.
ஐம்பத்து நான்கு, மார்ச்.
சூரை பிடிக்கப் போன ஜப்பான் படகின் மேல்
வெள்ளையாய்ப் பொழிந்த சாம்பல்.
அதே ஆண்டில் திரையில்
கடலைப் பிளந்து எழுகிறது ஒரு மிருகம்.
"எதன் குறியீடு? தெளிவில்லை"
ஓரத்தில் நெறியாளரின் சிவப்பு மை.

ட்ராம்பே, சீத்தா கேம்ப், மாடி அறை.
இரவு பதினொன்றே காலுக்கு வந்த மீரான்
சட்டையைக் கழற்றிக்கொண்டே மடிக்கணினியை எட்டிப் பார்த்தான்.
வாஷி மாலில் அவனுக்குக் கரடி வேஷம்.
நாளுக்கு அறுநூறு. கரடித்தலைக்குத் தனி டெபாசிட்.

அணு, தோல்வி, குற்றவுணர்வு என்று நான் தொடங்க
"உள்ள ஆள்தானே?" என்றான்.
ஆமாம். ரப்பர். மேலே விளக்குச் சூடு.
கழற்றினால் வியர்வையைக் கவிழ்த்து ஊற்றுவார்களாம்.
"எது வழியாப் பாக்குறான்?"
கழுத்தில் சின்னத் துளைகள்.
"எனக்கு வாய் வழியா.
பிள்ளைங்க மூஞ்சி தெரியாது. செருப்புதான்."

மறுபடி ஓடவிட்டோம்.
எரியும் நகரத்தை இப்போது பார்க்கவில்லை.
கால் வைக்குமுன் மிருகம் தயங்குகிறது,
இருட்டில் படி தேடுகிறவனைப் போல.
நாலு தடவை. மீரான்தான் எண்ணினான்.

கூரைகள், மதில், அதற்கப்பால்
உலையின் வெள்ளைக் குவிமாடம்.
அதன் ஊழியர் குடியிருப்புக்காக
எழுபத்தாறில் எங்கள் சனங்களை
லாரியில் ஏற்றி இங்கே இறக்கினார்கள்.
என் இயல்கள் எதிலும் அது இல்லை.

மீரான் தூங்கிவிட்டான்,
கை கழுத்தில் கிடக்கிறது.
சிவப்பு மைக்குக் கீழே
பென்சிலால் எழுதுகிறேன்:
செருப்பு.

திங்கட்கிழமை இதை விளக்க வேண்டும்.