உப்பு தின்ற குழல்

கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.
குஹ்மோவில் நவம்பர்க் காலை என்பது
விடியாத எட்டு மணி.
பூட்ஸ் பனியை மிதியடியில் உதறாமல் வந்த
தைஸ்தோ கெம்பைனன்
கம்பளியில் சுற்றிய ரைஃபிளை
என் மேசைமேல் கிடத்தினார்,
கால்நடை டாக்டரிடம் நாயைக் கிடத்துவதுபோல.

"இருப்பதிலேயே உறைப்பான மருந்தாகக் கொடு, ஹில்க்கா.
விலை பரவாயில்லை."

என் முதுகுக்குப் பின்னால் அலமாரி நிறைய மருந்துதான்.
செம்பைத் தின்னும் புட்டி ஒன்று:
மூடி திறந்தால் அம்மோனியா மூக்கில் ஊசி ஏற்றும்,
உள்ளே விட்ட துணி மயில்துத்த நீலத்தில் வெளியே வரும்.
ராத்திரி முழுக்க மறந்துவிட்டால்
செம்போடு நிற்காது, எஃகையும் ருசி பார்க்கும்.
கரிக்கென்று ஒரு நுரை.
எண்ணெயில் ஏழு வகை,
ஒன்றுக்கு ஆரஞ்சு வாசனை,
ஏனென்று எனக்கும் தெரியாது.

எதையும் எடுக்கவில்லை.
நுனியில் கண் வைத்த கம்பியைக் குழலுக்குள் விட்டேன்.
திரையில்
முறுக்கிச் செல்லும் புரிகள்,
ஒரு சாண் தூரம் பளபளப்பு,
அப்புறம் பழுப்பு,
அப்புறம் அம்மைத் தழும்பு.

"என்ன தோட்டா?"

"மச்சான் கொட்டகையில் ஒரு மரப்பெட்டி.
பழைய பட்டாளத்துச் சரக்கு. மலிவு."

"சுட்ட பிறகு?"

"எண்ணெய் போட்டேனே! தினமும். சொட்டச் சொட்ட."

அதைச் சொல்லும்போது
அவர் தோள் கொஞ்சம் நிமிர்ந்தது.
எப்படிச் சொல்வேன்.
அந்தத் தோட்டாவின் அடியில் இருக்கும் பொட்டுமருந்து
வெடித்த கையோடு உப்பை விட்டுவிட்டுப் போகும்.
கண்ணுக்குத் தெரியாது.
மைனஸ் பதினான்கிலிருந்து சூடான சமையலறைக்குள் வந்ததும்
இரும்பு வியர்க்கும்.
வியர்வையை உப்பு குடிக்கும்.
எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது,
போர்த்திவிடும்.
போர்வைக்குள்ளே வேலை
தொந்தரவில்லாமல் நடக்கும்.

"தண்ணீர்," என்றேன்.

"என்னது?"

"கொதிக்கக் கொதிக்க. புனல் வைத்து,
தோட்டா போடும் பக்கமிருந்து ஊற்றுங்கள்.
இரண்டு கெட்டில். அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும்.
துணி விட்டுத் துடையுங்கள்.
எண்ணெயெல்லாம் அதற்கப்புறம்."

முப்பத்தெட்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவருக்கு
அது வசவு மாதிரிக் கேட்டிருக்கும்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும்,
குழலுக்கென்று தனிச் சட்டமா இருக்கிறது?

"இந்தக் குழிகள்?"

"துரு போகும். குழி போகாது.
போன இரும்பைத் திருப்பித் தரும் புட்டியை
இதுவரை எவரும் அடைக்கவில்லை."

கையுறையை ஒருமுறை கழற்றினார், மாட்டினார்.
அப்புறம்தான் வந்தது:
ரைஃபிள் அவருடையதில்லை.
அண்ணன் வில்ஹோவுடையது.
முழங்கால் அறுவைக்கு கயானி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்,
ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புகிறார்.
கடமான் வேட்டைக்கு என்று வாங்கிய இரவல்.
கடமான் ஒன்றும் விழவில்லை.
மணல் குழியில் தகர டப்பாக்கள்தான்
ஒரு பெட்டித் தோட்டாவுக்கும் விழுந்தன.

"உள்ளே பார்ப்பானா?"

"முதல் வேலையாக.
அவருக்கு இதை விற்றவள் நான்."

நெடுநேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்,
அங்கே வேறெதற்கோ மருந்து இருப்பதுபோல.
கடைசியில்
ஆரஞ்சு வாசனை எண்ணெயையும்
பெட்ரோல் ஊற்றும் பிளாஸ்டிக் புனல் ஒன்றையும் எடுத்தார்.
எண்ணெயை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
எனக்கும் வாடகை இருக்கிறது.

திங்கட்கிழமை தொலைபேசியில் வில்ஹோ.
வணக்கம்கூட இல்லை.

"குழலுக்குள் வெந்நீர் ஊற்றினேன் என்கிறான்.
நீ சொன்னாயாம். நிஜமா?"

"நிஜம்."

மூச்சுச் சத்தம். ஊன்றுகோல் தரையில் உரசுவது.
அதற்கும் பின்னால், தள்ளி,
அடுப்பில் ஏதோ ஒன்று
மெல்லக் கூவத் தொடங்கியது.

"எத்தனை கெட்டில்?" என்றார்.