சிரமம்: எளிது

மாவட்டச் சுற்றுலா அலுவலகம் எனக்குத் தந்தவை
ஒரு சக்கரம், ஒரு படிவம், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
சக்கரம் உருள உருள அதன் கழுத்துப் பெட்டியில்
எண்கள் புரளும்.
பாதையின் நீளத்தை அது சொல்லிவிடும்.
பாதை எப்படி என்பதை நான் சொல்ல வேண்டும்:
எளிது, நடுத்தரம், கடினம்.
ஏதாவது ஒன்றில் டிக்.

மே மாதத்தில் நாரெவ் ஆற்றுக்குக் கரை கிடையாது.
ஆறு எங்கே முடிகிறது என்று கேட்டால்
இங்குள்ளவர்கள் கையை வீசிக் காட்டுவார்கள்.
அந்தக் கை ஒரு சுற்றுச் சுற்றி
அவர்கள் சட்டைப் பைக்கே திரும்பி வந்துவிடும்.
உருகிய பனி புல்வெளிக்குள் போனது
இன்னும் வீடு திரும்பவில்லை.
அதன்மேல் ஒரு பலகைப் பாதை,
இரண்டு ஆள் அகலம்,
நாணலுக்கு வகிடு எடுத்ததுபோல்.

ஏற்றம்: இல்லை.
இறக்கம்: இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில்
பீவர் ஒன்று இரவோடிரவாகக் கடித்துச் சாய்த்த
வில்லோ மரம் குறுக்கே கிடந்தது.
பல்வெட்டு இன்னும் ஈரம்,
மரத்தூள் வெண்ணெய் நிறம்.
சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தாண்டினேன்.
ஏற்றம்: நாற்பது சென்டிமீட்டர், என்று திருத்தினேன்.

மலையென்றால் உச்சியைப் பார்த்தால் போதும்.
இங்கே எதைப் பார்ப்பதென்று யாரும் சொல்வதில்லை,
ஆகவே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது:
கோரைத் தண்டில் தலைகீழாக இறங்கும் நத்தை,
தன் நிழல்மேலேயே நிற்கும் நாரை,
பலகை இடுக்கில் ஏதோ குழந்தையின் ஒற்றைக் காலுறை.
சீப்பின் பற்களை நகத்தால் கீறுவதுபோல்
புல்லுக்குள் டெர்காச் கத்துகிறது.
எங்கள் ஊரில் அதைக் கேட்காதவர் இல்லை.
பார்த்தேன் என்பவனுக்குக் கடன் கொடுக்க மாட்டோம்.

நடுவில் பாதை அறுந்துவிடும்.
பலகைக்குப் பதில் ஒரு மிதவை, இரு பக்கமும் சங்கிலி.
நாமே இழுத்து நாமே கடக்க வேண்டும்.
இக்கரைக்கும் அக்கரைக்கும் ஒரே பச்சை,
மிதவை மட்டும் அக்கரையில் இருந்தது.
இக்கரையில் புரோனிஸ்வாவா:
இரண்டு ஊன்றுகோல், ஆறு வாரமான புது இடுப்பு.
சமதளத்தில் நட என்றாராம் பியாவிஸ்தோக் டாக்டர்.

“முகப்புப் பலகையில் எளிது என்று எழுதியது யார்?”
நான்தான் என்றேன், மூன்று வருடம் முன்பு.
“அப்போது உனக்கு என்ன வயது?”
முப்பத்தொன்று.
“ஓ” என்றாள்.

சங்கிலியைப் பிடித்து இழுத்தேன்.
துருவும் பாசியும் கையோடு வந்தன, மிதவை வரவில்லை.
“தள்ளி நில்.”
ஊன்றுகோல்களை என்னிடம் திணித்துவிட்டு
கைப்பிடிக் கம்பியில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டாள்.
நாற்பது வருடம் பால் கறந்த கைகள்.
கயிற்றுக்குப் பழகிய பசுபோல
மிதவை தலையாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

நட்டாற்றில் இழுப்பதை நிறுத்தினாள்.
களைப்பா என்று கேட்டேன்.
“இல்லை. மொத்த நடையில்
எனக்குப் பிடித்த இடம் இதுதான்.
இங்கே நடக்க வேண்டியதில்லை.”
நீரோட்டம் எங்களைச் சங்கிலியின் எல்லைவரை தள்ளி
அங்கேயே வைத்துக்கொண்டது.
சக்கரம் சுழலவில்லை.
அதன் கணக்கில் ஆறு பூஜ்ஜியம் மீட்டர்.

அக்கரையைத் தொட்டு, அவளோடேயே திரும்பினேன்,
அவள் வேகத்தில்,
அவள் நின்ற இடத்தில் நின்று,
அவள் காட்டிய பக்கமெல்லாம் ஒதுங்கி.
போகும்போது ஆயிரத்து ஐம்பது.
வரும்போது ஆயிரத்து அறுபத்தொன்று.
அலுவலகத்தில் கேட்டால் சக்கரம் பழசு என்பேன்.

இரவு சமையலறை மேசையில் படிவம்.
சிரமம் என்ற கட்டத்தைத் தொடாமல்
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
மிதவை அக்கரையில் இருக்கக்கூடும்.
மீதி இடத்தில்
புரோனிஸ்வாவாவின் தொலைபேசி எண்ணை எழுதினேன்.
அவளைக் கேட்கவில்லையே என்று அடித்தேன்,
ஒரே கோடு,
எண் தெரியும்படி.