நடுக்கட்டம்

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன:
புதியவர், இடைநிலை, தேர்ந்தவர்.
நடுக்கட்டத்தில் குறியிட்டேன்.
எனக்கு நான்கு முடிச்சுகள் தெரியும்.
ஐந்தாவதை மட்டும் ஒவ்வொரு முறையும்
யாராவது சரிபார்க்க வேண்டும்.

ஸ்தெபான்ஸ்மிந்தாவில் மூட்டைகளைக் குதிரைமேல் ஏற்றினோம்.
பனி தொடங்கும் இடத்தில் குதிரை நின்றுவிட்டது.
குதிரைக்காரர் அதட்டவில்லை.
"அதுக்குத் தன் நிலைமை தெரியும்" என்றார்
எங்கள் புதுக் காலணிகளைப் பார்த்தபடி.

இரண்டாம் நாள் முழுக்க விழுந்து பழகினோம்.
மல்லாக்க, குப்புற, தலைகீழாக.
கோடரியை மார்போடு அணைத்துக்கொண்டு
சறுக்கல் நிற்கும்வரை எண்ணச் சொன்னார் இமேதா.
குத்தாய்சியில் பல் பிடுங்கும் தேக்லே
மூன்றில் நின்றாள். நான் ஏழில்.
ருஸ்தாவியில் இரும்பு பற்றவைக்கும் கெலா
எண்ணவே மறந்துபோனான்,
கயிறுதான் அவனை நிறுத்தியது.

பிறகு அவனைப் பிளவுக்குள் இறக்கினோம், மீட்டுப் பழக.
கப்பி, பூட்டு, இழு,
மறுபடி பூட்டு, மறுபடி இழு.
பாதியில் கூப்பிட்டோம். பதில் இல்லை.
மேலே வந்தவனைத் தேக்லே திட்டித் தீர்த்தாள்.
"அடியில தண்ணி ஓடுது" என்றான்,
"குரல் கொடுத்தா கேக்காமப் போயிடும்."

பனியாறு.
பதினாறு வருஷமாக எட்டாம் வகுப்புக்கு நடத்துகிறேன்,
அது நகர்கிறது என்று.
பழைய வானிலை நிலையத்தில்,
அதன் கரையில் படுத்த இரவில்தான் தெரிந்தது
நகரும்போது அதற்கு முட்டி சொடுக்குகிறது.
புதியவருக்கு அது வெறும் சத்தம்.
இமேதா சத்தத்தைக் கேட்டு இடத்தைச் சொல்வார்,
உலர்ந்த பிளம் பழத்தை மென்றபடி.
எனக்கோ, ஏதோ சொல்கிறது என்று தெரியும்,
என்னவென்று தெரியாது.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள், நள்ளிரவு தாண்டி ஒரு மணி.
ஒரே கயிற்றில் நால்வர்.
எனக்கு முன்னால் தேக்லேயின் தலைவிளக்கு,
பின்னால் கெலாவின் மூச்சு.
கயிறு தொய்ந்தால் திட்டு,
விறைத்தால் திட்டு.
இரண்டுக்கும் நடுவில் நடக்க வேண்டும், விடியும்வரை.
ஓரிடத்தில் பனி மெத்தென்று உள்வாங்கியது,
பழஞ்சோபாவில் உட்கார்ந்ததுபோல.
பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல வேண்டும்.
அதுதான் விதி, முதல் நாளே சொல்லித்தந்தது.
சொல்லவில்லை.
வாயைத் திறந்தால் பனி கேட்டுவிடும் என்று
ஏனோ தோன்றியது.

கணவாயில் காற்று
எங்களை வரிசையாக உட்காரவைத்தது.
உச்சி தெரிந்தது, கையால் மறைக்கும் அளவில்.
பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேநீர்
உதட்டுக்கு வருமுன் ஆறிவிட்டது.
இமேதா ஒன்றும் பேசாமல்
கயிற்றின் வரிசையை மாற்றினார்:
கெலா முன்னால், தான் கடைசியில்.
இறங்கும்போதுதான் வழிகாட்டி கடைசியில் வருவார்.
அது புரியுமளவுக்கு மூவரும் தேறியிருந்தோம்.
"இன்னும் நூற்றைம்பது மீட்டர்தானே" என்றேன்.
"போக நூற்றைம்பது,
வர நூற்றைம்பது" என்றார்.
தேநீர்போல நான் ஆறவில்லை.

வெளிச்சத்தில் இறங்கினோம்.
எங்கள் சுவடுகள் எங்களைப் பார்த்தபடி
எதிரே ஏறி வந்துகொண்டிருந்தன.
மெத்தென்ற அந்த இடத்தில்
கதவகலத்துக்கு ஒரு நீல ஓட்டை.
இந்தக் கரையில் சுவடுகள் இருந்தன.
அந்தக் கரையிலும் இருந்தன.
நடுவில் வைத்த நாலைந்து அடிகள்
எங்கேயும் இல்லை.

கெலா திரும்பி என்னைப் பார்த்தான்.
"ராத்திரி உங்களுக்குத் தெரிஞ்சுதா?"
தெரியாது என்று தலையாட்டினேன்.
கயிறு எங்களுக்கிடையில்
தொய்யவும் இல்லை, விறைக்கவும் இல்லை.
சுற்றிக்கொண்டு இறங்க
இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது.
குதிரைக்காரர் அதே கூலிதான் வாங்கினார்.

திங்கட்கிழமை, ஜெஸ்தாபோனியில்,
கரும்பலகையின் மேல்மூலையிலிருந்து
நீலச் சாக்பீஸால் பனியாறு வரைந்தேன்.
"மிஸ், இங்க கோடு விட்டுப்போச்சு"
என்றான் முன்வரிசை பாத்ரி.

"தெரியும்" என்றேன்.